தள்ளலிலிருந்து அடித்தலுக்கு

உலக விளையாட்டு வரலாற்றில் உதகமண்டலத்துக்கு ஓர் இடம் உண்டென்றால் அது ஸ்னூக்கரால் வந்தது. 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புதியதோர் ஆட்டத்தைத் தொடங்கினார். (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லேன்.) பிறகு உதகைக்கு வந்த அவர், 1882 வாக்கில் அங்குள்ள கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அதன் விதிகளை எழுதி மாட்டினார் என்பதே பரவலாக ஏற்கப்படும் வரலாறு.

விதிகளின் வரலாறு இவ்வாறு நமக்குக் கிடைத்துவிட்டது. அடியின் வரலாறோ வேறு. அது இதைவிடப் பழையது. நம் கவனத்துக்கு அதிகம் வராதது.

பில்லியர்ட்ஸின் தொடக்கக் காலத்தில் பந்தை யாரும் அடிக்கவில்லை, தள்ளினார்கள். தட்டையான தலையுடைய மரக்கோலே அன்றைய கருவி. பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றால் அந்தத் தலை உதவாது. எனவே கோலைத் திருப்பி அதன் மெலிந்த வால்பக்கத்தால் ஆடத் தொடங்கினர். 'கியூ' என்ற சொல்லே வாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலின் முனையில் தோல் ஒட்டப்பட்டது. அதன்மேல் சாக்கட்டியும் தேய்க்கப்பட்டது. முனை வழுக்காததால் பந்தின் மையத்தை விட்டு விலகியும் அடிக்க முடிந்தது. பந்து சுழலக் கற்றுக்கொண்டது.

1835இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கொரியோலிஸ் இந்தச் சுழற்சிக்கென்றே ஒரு நூல் எழுதினார். புயல்களின் சுழற்சியை விளக்குமிடத்தில் நாம் படிக்கும் அதே கொரியோலிஸ்தான்.

தள்ளலுக்கும் அடித்தலுக்கும் உள்ள வேறுபாடு காலத்தைப் பற்றியது. தள்ளும்போது கை பந்தோடு கூடவே போகிறது. போகும் வழியில் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அடிக்கும்போது தோல்முனை பந்தைத் தொட்டிருப்பது ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே. மனிதக் கை எதையேனும் உணர்ந்து மறுவினை செய்ய அதைப்போல் நூறு மடங்குக்கும் மேலான நேரம் வேண்டும். ஆகவே தொட்டபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. கோல் எவ்வளவு வேகத்தில், எத்திசையில், பந்தின் எவ்விடத்தில் வந்து படுகிறது என்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. புதூர்நாட்டு மலையூரிலாகட்டும், மதுரைத் தெருவிலாகட்டும், கோலிக்குண்டைச் சுண்டிய விரல் இதை அறியும்: குண்டு போனபின் விரலுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை.

அப்படியானால் அடித்த பின்னும் கோலை முன்னே செல்லவிடு என்று ஆசிரியர்கள் ஏன் சொல்கிறார்கள்? தொட்டவுடன் நிறுத்த எண்ணும் கை, தொடுமுன்பே தயங்கத் தொடங்கிவிடும் என்பதால்தான். முழங்கையிலிருந்து தொங்கும் முன்கை ஓர் ஊசல். பின்னிழுப்பு நிதானமாக இருக்க வேண்டும். வேகம் படிப்படியாக ஏற வேண்டும். ஊசலின் அடிப்புள்ளியில் வேகம் உச்சத்தை அடையும். முடுக்கம் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். பந்தைத் தொடவேண்டிய இடம் அதுவே. கடைசிக் கணத்தில் வலிந்து சேர்க்கும் விசை, வேகத்தைவிடப் பிழையையே அதிகம் சேர்க்கிறது.

ஸ்னூக்கர் விதிகள் இன்று தள்ளலைத் தவறென்கின்றன. பழைய மரக்கோலின் இயல்பான செயல் இன்று தண்டனைக்குரியது!

இந்த நிதானம் எந்தக் கிளப் சுவரிலும் எழுதி மாட்டப்படவில்லை. அன்றைய கிளப்புகளில் புள்ளிகளைக் குறித்தும் மேசையைப் பேணியும் வந்த 'மார்க்கர்' எனப்படும் ஊழியர்கள் ஒவ்வோர் அடியையும் அருகில் நின்று பார்த்தவர்கள். விதி எழுதிய அதிகாரியின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர்களுடைய பெயர்கள் நம்மிடம் வந்து சேரவில்லை. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றபோது, விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டில் முதல் உலகப் பட்டம் கிடைத்தது. 2025இல் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார்.

உதகையில் விதிகள் மாட்டப்பட்டதற்கும் அந்த வெற்றிக்கும் இடையே நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. விதிகள் காகிதத்தில் பயணம் செய்தன. அடியோ ஒரு கையைப் பார்த்து இன்னொரு கை கற்றுக்கொண்டதாகவே வந்து சேர்ந்திருக்கிறது. வரலாறு எழுதும் நாம் அந்தக் கைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.