சைடு கதவும் டோர்செட் பார்க் வசந்தமும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். டீயைப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. அசைன்மெண்ட், பார்ட் டைம் வேலை, பனி என்று வழக்கமான சாக்குகள்தான். இப்ப திடீர்னு எழுத வந்ததுக்குக் காரணம் இருக்கு. போன சனிக்கிழமை மதியம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள்ள, முன்பின் தெரியாத பதினேழு பேர் என் ரூமுக்குள்ள வந்து, என் கட்டிலையும் காயப்போட்ட துண்டையும் பார்த்துட்டுப் போனாங்க.

எண்ணினேன். பதினேழுதான். குழந்தைகளைக் கணக்குல சேர்க்கலை.

நான் இருப்பது டோர்செட் பார்க். டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், கென்னடி ரோடும் எல்ஸ்மியர் ரோடும் வெட்டிக்கிற இடத்தைச் சுத்தின ஏரியா. வடக்கே 401 நெடுஞ்சாலை, தெற்கே லாரன்ஸ் அவென்யூ. (இங்குள்ள யாழ்ப்பாணத்துக்காரங்க 'ரொறன்ரோ' என்று எழுதுவாங்க. நான் கும்பகோணம், எனக்கு 'டொராண்டோ'ன்னுதான் கை போகுது. இதுக்குப் பின்னூட்டத்துல சண்டை வேணாம் :-)) குடியிருப்பது ஒரு பங்களாவில். நம்ம ஊர்ல பங்களான்னா ஜமீன்தார் வீடு. இங்கே மாடி இல்லாத சின்ன வீட்டுக்குத்தான் அந்தப் பேர். அம்மாகிட்ட 'பங்களாவுல இருக்கேன்'னு சொன்னது பொய்யில்லை. அதோட பேஸ்மெண்ட்டுல என்பதை மட்டும் சொல்லலை.

வீட்டுக்கார அக்காவும் அண்ணையும் யாழ்ப்பாணம் பக்கம். ரிட்டயர் ஆகி, ஏஜாக்ஸில் இருக்கிற மகளோட போய் இருக்கப் போறாங்க. அதனால வீடு விற்பனைக்கு. வெள்ளிக்கிழமையே அக்கா படியில நின்னு சொன்னாங்க: "தம்பி, நாளைக்கு ஆக்கள் வீடு பாக்க வருகினம். உங்கட அறையையும் ஒருக்கா ஒதுக்கி வையுங்கோ. அந்தப் பருப்புக் கறியை இண்டைக்கு வைக்காதேங்கோ, மணம் நிக்கும்."

நம்ம ஊர்ல பங்குனி, சித்திரை வந்தா கோயில் வசந்த உற்சவம், தேர், ராட்டினம். செலவில்லாத பொழுதுபோக்கு. இங்கே ஏப்ரல், மே வந்தா ஜனங்க செலவில்லாம பார்க்கிறது ரெண்டு. ஒண்ணு செர்ரிப்பூ. 1959-ல் டோக்கியோ மக்கள் சார்பா ஜப்பான் தூதர் ஹை பார்க்கில் வச்ச மரங்கள்தான் பிரபலம். ஆனா எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேணாம், எல்ஸ்மியர்லயே கிழக்கால நடந்தா பர்க்டேல் பள்ளத்தாக்கில் பூத்திருக்கும். இன்னொண்ணு ஓபன் ஹவுஸ். சனி, ஞாயிறு ரெண்டுலேர்ந்து நாலு. வாசல்ல போர்டு, உள்ளே ஏஜெண்ட், ஒரு தட்டுல பிஸ்கெட். யார் வேணா போகலாம். வாங்கப் போறவங்க நாலு பேர்னா, பக்கத்து வீட்டுக்காரங்க, 'நம்ம வீடு எவ்வளவு போகும்'னு கணக்குப் போட வந்தவங்க, சும்மா காலாற நடந்து வந்தவங்க பத்து பேர். நானே வந்த புதுசுல ரெண்டு மூணு வீடு பார்த்து பிஸ்கெட் சாப்பிட்டிருக்கேன். அப்ப எந்த வீட்டு பேஸ்மெண்ட்டுல யாரோட துண்டு காய்ஞ்சுதுன்னு நான் கவனிச்சதே இல்லை.

ஏன் வசந்தத்தில்? பனி உருகினால்தான் கூரையும் புல்தரையும் கண்ணுக்குத் தெரியும். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் முடியும். ஏப்ரலில் பேசி முடிச்சா கோடை விடுமுறையில் சாமான் ஏத்தி, செப்டம்பரில் பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம். அவ்வளவுதான் சூட்சுமம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப்போர் நேரத்துல எங்களுக்குத் தெற்கே, எக்லிண்டன் அவென்யூ பக்கம் வயலுக்கு நடுவே ஒரு பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. வேலை செஞ்சவங்க பெரும்பாலும் பெண்கள். போர் முடிஞ்சதும் ஸ்கார்பரோ டவுன்ஷிப் அந்த நிலத்தை 1948-ல் வாங்கித் தொழிற்பேட்டையாக்கிச்சு. 'கோல்டன் மைல்'னு பேர். 1959-ல் எலிசபெத் ராணியே வந்து பார்த்துட்டுப் போற அளவுக்குப் பிரபலம். வேலை இருந்தா ஆள் வரும், ஆள் வந்தா வீடு வேணும். 1951-ல் சுமார் 56,000 பேர் இருந்த ஸ்கார்பரோவில் 1961-ல் 2,17,000 பேர். பத்து வருஷத்துல கிட்டத்தட்ட நாலு மடங்கு! 1954-ல் வீட்டுவசதிச் சட்டத்தை மாத்தி, அரசு இன்சூரன்ஸோட பேங்குகளும் வீட்டுக்கடன் கொடுக்கலாம்னு ஆச்சு. தொழிற்சாலைக்காரர் வாங்குற விலையில வரிசை வரிசையா செங்கல் பங்களாக்கள். டோர்செட் பார்க்கும் அந்த அலையில் வந்ததுதான்.

இந்த வீடுகளில் ரெண்டு விஷயம் கவனிக்கணும். முதலாவது பேஸ்மெண்ட். டொராண்டோவில் குளிர்காலத்துல மண் உறையும். அஸ்திவாரம் அந்த ஆழத்துக்குக் கீழே, சுமார் நாலடிக்குப் போகலைன்னா வசந்தத்துல உருகும்போது சுவர் விட்டுடும். எப்படியும் நாலடி தோண்டணும், இன்னும் மூணடி தோண்டினா ஃபர்னஸ் வைக்க ஒரு முழு அறை கிடைக்குதேன்னு தோண்டிட்டாங்க. இரண்டாவது சைடு கதவு. வீட்டுப் பக்கவாட்டுல ஒரு கதவு, திறந்தவுடனே ஒரு சின்னத் திண்டு. மூணு படி ஏறினா சமையலறை, ஏழெட்டுப் படி இறங்கினா பேஸ்மெண்ட். சேறு பூட்ஸோட வர்றவங்களுக்காக வச்ச கதவு. ஆனா அந்தத் திண்டில் ஒரு பூட்டை மட்டும் போட்டுட்டா ஒரு வீடு ரெண்டு வீடாயிடும். கட்டினவங்க அதை நினைச்சே பார்த்திருக்க மாட்டாங்க.

சனிக்கிழமை வந்த பதினேழு பேர்ல ஒருத்தர் எதிர்ச்சாரியில் இருக்கிற வெள்ளைக்காரத் தாத்தா. எண்பது தாண்டியவர். வாங்க வரலை, பார்க்க வந்தார். பதினாறாயிரம் டாலருக்கு வீடு வாங்கினேன் என்று ஆரம்பிச்சவரை ஏஜெண்ட் நைசா என் பக்கம் தள்ளிவிட்டுட்டார். தாத்தா என் கட்டில் இருக்கிற மூலையைக் காட்டி, "டிவி இங்கேதான் இருந்தது" என்றார். அந்தக் காலத்துல இந்த வீட்டு பேஸ்மெண்ட்டில் மரப்பலகை அடிச்சு, சின்ன பார் வச்சு, தெரு ஆம்பளைங்க எல்லாம் ஹாக்கி பார்ப்பாங்களாம். வசந்தம்னா அவங்களுக்கு ப்ளே-ஆஃப். 1967 மே 2-ம் தேதி டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஸ்டான்லி கோப்பையை ஜெயிச்ச ராத்திரி இங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்னுக்கிட்டே பார்த்தாங்களாம். அதுக்கப்புறம் லீஃப்ஸ் அந்தக் கோப்பையைத் தொடவே இல்லை என்பது ஊரறிஞ்ச சோகம். அறுபது வருஷம் நெருங்குது, தாத்தா இன்னும் அந்த மூலையை விடலை.

அந்த ஹாக்கி ரூம் எப்படி என் ரூம் ஆச்சு?

எண்பதுகளில் டொராண்டோ வீட்டு விலை கண்டபடி ஏறிச்சு. 1989-ல் சராசரி 2,73,698 டாலர். பிறகு குமிழி வெடிச்சு, 1996-ல் 1,98,150. நாலுல ஒரு பங்குக்கு மேல ஸ்வாஹா. பழைய இடத்துக்கு வர 2002 ஆச்சு. நடுவுல 1993-ல் கோல்டன் மைலில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் வேன் தொழிற்சாலையும் மூடினாங்க. யாருக்காக இந்த வீடுகளைக் கட்டினாங்களோ, அந்த வேலை போச்சு.

அதே காலத்துலதான் நம்மாட்கள் வந்தாங்க. 1983 கலவரத்துக்கு அப்புறம் ஈழத்தமிழர்கள் முதலில் டவுன்டவுனில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் இறங்கி, பிறகு மெல்ல ஸ்கார்பரோ நோக்கி நகர்ந்தாங்க. எங்க அண்ணை கதையும் அதுதான். ராத்திரி ஃபேக்டரி, பகல்ல ரெஸ்டாரண்ட். அக்காவுக்குத் துப்புரவு வேலை. சீட்டுக் கட்டி முன்பணம் சேர்த்து, விலை அடிமட்டத்துல கிடந்த 1996-ல் இந்த வீடு. அப்படியும் மோர்ட்கேஜ் கட்ட ரெண்டு சம்பளம் பத்தலை. மூணாவது சம்பளத்தை பேஸ்மெண்ட் சம்பாதிச்சது. "வீடு குடிபூந்த அடுத்த மாதமே கீழ ஆள் வைச்சிட்டம் தம்பி, இல்லாட்டி வங்கி எடுத்திருக்கும்" என்பார் அண்ணை.

ஆனா அது சட்டப்படி சரியா? இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச (பிடிக்காத) பகுதி. பேஸ்மெண்ட் வீடுகளை நகராட்சிகள் ஒத்துக்கலை. ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம், அவ்வளவுதான். ஊரே கீழ ஆள் வச்சிருக்கு, சட்டப் புத்தகத்துல யாருமே இல்லை. 1994-ல் பாப் ரே தலைமையிலான என்.டி.பி. அரசு ஒண்டாரியோ முழுக்க அனுமதிச்சு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் மைக் ஹாரிஸ் ஆட்சிக்கு வந்து அதைத் திருப்பிட்டார். 1995 நவம்பர் 16-க்குள்ள இருந்த பேஸ்மெண்ட் வீடுகள் மட்டும் தப்பிச்சது. அப்ப 1996-ல் ஆள் வச்ச எங்க அண்ணை? கணக்குப் பார்த்துக்குங்க. 1998-ல் ஸ்கார்பரோ டொராண்டோவோடு இணைஞ்சு, 2000-ல்தான் நகரம் முழுக்க இரண்டாவது குடியிருப்புக்கு அனுமதி வந்தது. அதுவரைக்கும் கதவு தட்டினா கீழே இருந்த பையனை 'மச்சான்' என்று சொல்லச் சொல்லியிருந்தாராம்.

தனித்தனி அறையா விட்டு, சமையலறையைப் பொதுவா வைக்கிற 'ரூமிங் ஹவுஸ்' கதை இன்னும் மோசம். பழைய டொராண்டோ நகரத்தில் அதுக்கு லைசென்ஸ் உண்டு. ஸ்கார்பரோவில் கூடவே கூடாது. ஒரே மாநகராட்சியான பிறகும் இருபத்தஞ்சு வருஷம் இந்த ஓரவஞ்சனை நீடிச்சது. தடை இருந்ததால ரூமிங் ஹவுஸ் இல்லாம போகலை. ஃபயர் அலாரமும் இன்ஸ்பெக்ஷனும்தான் இல்லாம போச்சு. காலேஜ் பக்கத்துல ஒரு வீட்டுல பத்துப் பன்னெண்டு பசங்க இருக்கிறது எங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம். கடைசியில் 2022 டிசம்பரில் கவுன்சில் ஒத்துக்கிட்டு, 2024 மார்ச் 31 முதல் நகரம் முழுக்க லைசென்ஸோட நடத்தலாம்னு வந்தது. நாலு ரூமோ அதுக்கு மேலயோ இப்படி விட்டாத்தான் அந்தக் கணக்கு. நாங்க கீழே மூணே பேர்.

விலைக்கதையை வேகமா முடிச்சிடறேன். 2017 வசந்தத்துல விலை பேயாட்டம் போட, ஏப்ரல் 20-ம் தேதி மாகாண அரசு வெளிநாட்டுக்காரர் வாங்கினா 15 சதவீத வரி என்று போட்டது. 2022 பிப்ரவரியில் டொராண்டோ வட்டாரச் சராசரி 13,34,544 டாலர். பேர்நேக்கட் லேடீஸ் என்று ஒரு ஸ்கார்பரோ பேண்ட், பத்து லட்சம் டாலர் கிடைச்சா என்னென்ன வாங்குவேன்னு ஒரு ஜாலியான பாட்டு போட்டு 1992 ஆல்பத்துல சேர்த்தாங்க. அதுல முதலில் வாங்குறது வீடு. முப்பது வருஷத்துல அந்தப் பணத்துக்கு சராசரி வீடே வராத நிலைமை! அப்புறம் வட்டி 0.25-லிருந்து 5 சதவீதத்துக்குப் போக, 2023, 2024-ல் சராசரி 11 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கிச்சு. 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு மத்திய அரசு வரம்பு வச்சது. வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு நாங்களும் ஒரு காரணமாம். மோர்ட்கேஜ் கட்டினதும் நாங்கதான், அதை யாரும் செய்தியில சொல்லலை. சரி, புலம்பலை விடுங்க.

இப்ப சனிக்கிழமைக்குத் திரும்புவோம். வந்த பதினேழு பேரையும் நான் ஒரே கேள்வியோடதான் பார்த்தேன். இவங்க வாங்கினா நான் இருப்பேனா? சட்டம் இப்படி: வீடு கைமாறினாலும் வாடகைக்காரர் அப்படியே தொடரலாம். ஆனா வாங்குறவங்க குடும்பம் அந்த இடத்துல தாங்களே குடிவரப் போறோம்னு சொன்னா, அறுபது நாள் நோட்டீஸ், ஒரு மாச வாடகை நஷ்டஈடு, கிளம்பணும். ஒரு பஞ்சாபிக் குடும்பம் பாட்டியோட வந்தது. பாட்டி படியில இறங்கும்போது முழங்காலைப் பிடிச்சுக்கிட்டதும் எனக்கு ஒரு சின்ன நிம்மதி. (பாவம்தான், என்ன செய்ய.) அப்புறம் ஒரு தமிழ் ஜோடி, கோயம்புத்தூர்ப் பேச்சு. அந்தப் பொண்ணு என்கிட்ட மெதுவா, "ஏனுங்க, நீங்க வாடகை எவ்வளவு குடுக்கறீங்க?" என்றாள். சொன்னேன். அவள் திரும்பி வீட்டுக்காரர்கிட்ட, "மூணு பேருங்க, அப்ப மூணாலே பெருக்கிக்கோங்க" என்றாள். அவர் போன்ல தட்டிப் பார்த்தார். முகம் தெளியலை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆஃபர் நைட். கேட்கிற விலையைக் குறைச்சுப் போட்டு, ஒரே நாள்ல எல்லாரையும் மூடின கவர் மாதிரி கேட்க வச்சு ஏத்திவிடறது இங்கத்த வழக்கம். 2023 டிசம்பரிலிருந்து விக்கிறவர் சம்மதிச்சா மத்தவங்க விலையைச் சொல்லலாம்னு விதி வந்தது. எங்க ஏஜெண்ட் வேணாம்னுட்டார். ஏழு மணிக்கு அக்கா சாமி விளக்கேத்தினது மேலேர்ந்து கற்பூர வாசனையாத் தெரிஞ்சுது. நாங்க மூணு பேரும் கீழே டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு, எத்தனை தடவை போன் அடிக்குதுன்னு கேட்டுக்கிட்டிருந்தோம். ஒரு தடவை அடிச்சுது. அது ஏஜாக்ஸ் மகள்.

பத்து மணிக்கு அண்ணை சைடு கதவுத் திண்டு வரைக்கும் இறங்கி வந்தார். கோபம் எல்லாம் இல்லை, களைப்பு. "ஒருத்தரும் எழுதேல்லைத் தம்பி. விலையை மாத்திப் போடப் போகினமாம்." கொஞ்ச நேரம் நின்னுட்டு, "சனிக்கிழமை திரும்பவும் ஆக்கள் வருகினம். நீங்கள் பருப்பை வைக்கிறதெண்டா இண்டைக்கே வைச்சிடுங்கோ" என்றார்.

வச்சோம். அவருக்கும் ஒரு கிண்ணம் போச்சு.

கொசுறு: மே மாசம் விக்டோரியா டே வருது. அன்னிக்கு மட்டும் பெர்மிட் இல்லாம சொந்த வீட்டு முற்றத்துல பட்டாசு விடலாம் (இன்னொரு நாள் கனடா டே). தீபாவளிக்கு இந்தச் சலுகை கிடையாது. போன வருஷம் அண்ணை எங்களுக்கும் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார். இந்த வருஷமும் பெட்டி வந்தாச்சு, ஃபர்னஸ் ரூமுக்கு வெளியே படிக்கட்டுக்கு அடியில் இருக்கு. ஏஜெண்ட் வர்றதுக்குள்ள அதை எங்கேயாவது ஒளிச்சு வைக்கணும்.