பால்மரமும் பண்ட மேலாண்மையும்

பண்ட மேலாண்மை என்னும் துறையின் பெயர் இன்று நம் இளைஞரிடையே பெரிதும் அடிபடுகின்றது. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள், மேற்பதவி பெறும் நோக்கத்துடன் மாலை வகுப்புகளையும் வார இறுதிப் பயிற்சிகளையும் நாடுகின்றனர். எதிற் சேர்வது, எதைத் தவிர்ப்பது என்று தம் பழைய ஆசிரியரை வந்து கேட்போரும் உளர். இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் முன்னோர் உழைத்த கெடா மாநிலத் தோட்டங்களின் வரலாறே தக்க விடை பகரும்.

முதற்கண், பண்ட மேலாண்மை என்றால் என்ன? வாங்குவோரின் தேவை இன்னதென அறிந்து, அதற்கேற்பப் பண்டத்தை வகுத்து, ஆக்கி, தரம் பேணி, சந்தையில் நிலைநிறுத்தும் பொறுப்பே அது. 1931ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய நீல் மெக்எல்ராய் என்பார், ஒவ்வொரு பண்டத்திற்கும் முழுப் பொறுப்பேற்கத் தனி ஆள் வேண்டுமென வற்புறுத்தி மூன்று பக்கக் குறிப்பொன்று எழுதினார். இத்துறையின் தோற்றுவாயாக அறிஞர் அதனையே சுட்டுவர்.

அதே காலத்தில் கெடாத் தோட்டங்களில் நடந்ததென்ன? பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்ற நம்மவர், மரம் வெட்டிப் பால் சேர்த்துக் காண்டா வாளிகளிற் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு சேர்த்தனர். அங்கே பாலை நிறுத்து, வடிகட்டி, நீர் கலந்து, அமிலமிட்டு உறைய வைத்தனர். உறைந்ததை உருளைகளில் இட்டுத் தகடாக்கிப் புகைக்கூட்டில் உலர்த்தினர். உலர்ந்த தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குமிழி, அழுக்கு, பூஞ்சணம் ஆகியவற்றைக் கண்ணால் கண்டு தரம் பிரித்தனர். இப்பணிகளிலெல்லாம் நம் ஆண்களும் பெண்களும் கைதேர்ந்திருந்தனர். ஆயினும், அத்தகடு கப்பலேறிய பின் யாரிடம் சேர்ந்தது, எப்பொருளாக மாறிற்று, எந்தக் குறைக்காக விலை குறைந்தது என்பன அவர்கட்கு எட்டாத செய்திகளாகவே இருந்தன. அவர்கள் அறிந்தது பண்டத்தின் பாதி வரலாறு மட்டுமே.

எஞ்சிய பாதியைக் கற்பிக்கும் நிலையங்கள் நாட்டில் இல்லாமலில்லை. தோட்டத் துரைமாரின் சங்கம் 1919இல் தோன்றிப் பின்னர்த் தொழில்முறைத் தேர்வுகளையும் நடத்தியது. மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் சட்டத்தின் வாயிலாக நிறுவப்பட்டது. செர்டாங் வேளாண்மைப் பள்ளி 1931இல் எழுந்து, 1947இல் கல்லூரியாகி, 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆனால் உயர்நிலைப் பயிற்சிகளின் மொழி ஆங்கிலம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோ தொடக்கக் கல்வியுடன் நின்றுவிட்டது. பள்ளிக்கும் பயிற்சிக்கும் இடையே பாலம் இல்லை. கிராணிமார் வீட்டுப் பிள்ளைகளிற் சிலரே அவ்விடைவெளியைக் கடந்தனர்.

இக்குறையின் விளைவு 1960களில் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் மலாயா சப்பானியர் வசமாகவே, அமெரிக்கா செயற்கை இரப்பரைப் பெருமளவில் ஆக்கத் தலைப்பட்டது. அது சிறு கட்டிகளாகத் தூய உறையில் பொதியப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் அளந்த குணங்களுடன் வந்தது. 1960களில் அதன் உலக உற்பத்தி இயற்கை இரப்பரை விஞ்சியது. டயர் ஆலைக்காரர்க்கு வேண்டியது கண்ணுக்கு அழகிய தகடன்று. ஒவ்வொரு முறையும் மாறாத தரமே என்பது அப்போது தெளிவாயிற்று.

இதற்கு விடையாக 1965இல் தரப்படுத்திய மலேசிய இரப்பர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரப்பரைத் துகளாக்கி உலர்த்தி, ஏறத்தாழ 33 கிலோ எடையுள்ள கட்டிகளாக அழுத்திப் பாலித்தீன் உறையிட்டனர். அழுக்கின் அளவைச் சோதித்து எண்ணால் தரங்குறித்தனர். ஐந்தாம் எண் தரமெனின் அழுக்கு நூற்றுக்கு 0.05 பங்கை மிஞ்சலாகாது. இருபதாம் எண்ணுக்கு அன்று வகுத்த வரம்பு 0.20 பங்காக இருந்தது. வாங்குவோரின் தேவையிலிருந்து தொடங்கிப் பண்டத்தையே மாற்றியமைத்த இத்திட்டம், நம் மண்ணில் நிகழ்ந்த உண்மையான பண்ட மேலாண்மையாகும்.

இம்மாற்றத்தில் நம்மவர் நிலை என்ன? புகைக்கூட்டில் தகடு பிரித்த கண்களின் திறம் மதிப்பிழந்தது. ஆய்வுக்கூடத்தில் அளக்கத் தெரிந்தவரின் கை ஓங்கிற்று. பல்லாண்டு பழகிய தொழிலாளி பின்னே நிற்க, சில திங்கள் முறையாகப் பயின்றவர் முன்னே சென்றார். உழைப்புக் குறைந்ததனால் வந்த தாழ்வன்று இது. காலத்துக்கேற்ற கல்வி கிட்டாமையால் வந்த தாழ்வு.

இங்கே இன்னொரு நிகழ்ச்சியையும் எண்ணுதல் தகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரராயினர். அச்சங்கம் முதன்முதல் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமே. தொழிலாளி தோட்டத்துக்கு உரியவனாவது பெரும்பேறு. ஆயினும் உடைமை வந்தபின், விளைந்ததை எவ்வடிவில் எச்சந்தைக்கு அனுப்புவது என்பதையும் உரியவர் அறிய வேண்டுமன்றோ? நிலத்துக்கு உரிமை பெறுவதும் பண்டத்தைப் பற்றிய அறிவு பெறுவதும் வேறு வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இன்று நிலைமை மாறியுள்ளது. சிந்தோக்கில் இன்று அமைந்துள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம் 1984இல் தோன்றிற்று. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. மனிதவள மேம்பாட்டுக்கென 1992ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிமாரிடம் தீர்வை பெற்றுத் தொழிலாளர் பயிற்சிக்கு வழி செய்தது. அன்று கதவுகள் அடைபட்டிருந்தன. இன்று அவை மிகப் பல திறந்துள்ளமையால் எதில் நுழைவதென்ற மயக்கம் நேர்கின்றது. பெற்றோரின் சேமிப்பையும் தாயின் நகையையும் விற்றுச் செலுத்தும் கட்டணம் வீணாகலாகாது.

தேர்ந்தெடுக்கும் முறையை வள்ளுவரிடம் கற்கலாம். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அவர் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவ்வரிசையிலேயே நான்கு வினாக்களை எழுப்புக. இப்பயிற்சி எச்செயலைச் செய்யக் கற்பிக்கின்றது? வாங்குவோரை உசாவவும், விலை கணிக்கவும், தரம் அளக்கவும் செய்முறை உண்டா, அல்லது வெறும் சொற்பொழிவுதானா? என் முன்னறிவும் மொழித்திறனும் அதற்குப் போதுமா? என் தொழில் இனிச் செல்லவிருக்கும் திசைக்கு அது ஏற்றதா, அல்லது கழிந்த காலத்துக்கு உரியதா? அச்சான்றிதழை எந்த இடத்தில் மதிப்பர்? இறுதி வினாவுக்கு விளம்பரத்தை நம்பற்க. பட்டயமோ பட்டமோ எனின் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டைப் பார்க்க. குறுகிய காலப் பயிற்சி எனின், தீர்வைப் பணத்திலிருந்து கட்டணம் கிடைக்குமா என்று நிறுவனத்தாரிடம் முன்னரே கேட்க.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்றுண்டு. தாம் கையாளும் பண்டத்தின் முழுப் பயணத்தையும் அறிவேன் என்னும் உறுதியுடன் நம் இளைஞர் கற்கப் புக வேண்டும். பாலைச் சுமந்த தலைமுறைக்கு மறுக்கப்பட்ட பாதிக் கல்வி அதுவே. அதனைத் தேடிப் பெறுதல் இத்தலைமுறையின் கடன். வழிகாட்டுதல் ஆசிரியராகிய எங்கள் கடன்.