இஸ்பஹானும் எங்க ஊர்ப் பள்ளிவாசலும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் ஆண்டு விழாவைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வகுப்பில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1970களின் நடுவில் உத்தமபாளையத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேராசிரியர் பெரிய படப்புத்தகம் ஒன்றை மேசையில் விரித்தார். ஈரானில் இஸ்பஹான் நகரத்து ஷா பள்ளிவாசல்; 1611இல் கட்டத் தொடங்கியது. வானத்தோடு போட்டி போடுகிற நீல ஓட்டுக் குவிமாடம், இரட்டை மினாராக்கள். பள்ளிவாசல்னா இப்படில்ல இருக்கணும் என்று மனசுக்குள் பதிந்துபோனது. அதற்கான விலையைப் பத்து வருஷம் கழித்து எங்கள் ஊர் கொடுத்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுடையது சின்ன ஊர். பழைய பள்ளிவாசலில் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. பன்னிரண்டு கருங்கல் தூண்கள், மேலே கல் உத்திரம், கல் பலகை பாவிய தட்டையான கூரை, முன்னால் திண்ணை, ஒளு செய்ய ஒரு ஹவுஸ். மழைக்கு ஒழுகும். 1986இல் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டலாம் என்று பேச்சு வந்தது. "ஒழுகுது, அம்புட்டுத்தானே தம்பி? சுண்ணாம்பு போட்டு அடைச்சாப் போச்சு" என்றார் ஒரு பெரியவர். காலேஜ் படிச்ச பையன் என்ன சொல்றான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இது சத்திரம் மாதிரில்ல இருக்கு" என்றேன். இடிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அதன்பிறகுதான் விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். ஈரானை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. எல்லாம் புத்தக அறிவுதான்.

7ஆம் நூற்றாண்டில் இஸ்லாம் பாரசீகத்துக்குப் போனபோது, கொத்தனார்கள் கூடவே போகவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த கைகள்தான் பள்ளிவாசலைக் கட்டின. தம்கான் ஊரில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாரிக்கானா பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதன் பருத்த செங்கல் தூண்கள் பழைய சாசானிய அரண்மனைத் தூண்களின் வாரிசுகள். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் முழுசாகத் திறந்த வளைவு மண்டபத்தை 'ஐவான்' என்பார்கள். அதுவும் சாசானிய அரண்மனையில் இருந்ததுதான். பாக்தாத் அருகே தெசிபோனில் அப்படியொரு வளைவு சுமார் 25 மீட்டர் அகலத்தில் இருக்கிறது. நான்கு வளைவுகள் மேல் ஒரு குவிமாடம் என்ற அமைப்பு, நெருப்பு வழிபாட்டுக் கோயில்களில் இருந்து வந்தது. சதுரச் சுவர்மேல் வட்டக் குவிமாடம் எப்படி உட்காரும்? மூலைக்கு மூலை சின்ன வளைவு கட்டிச் சதுரத்தை எண்கோணமாக்கி, அதன்மேல் வட்டத்தை ஏற்றினார்கள். இஸ்பஹான் ஜாமிஆ பள்ளிவாசலில் செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் 1086ஐ ஒட்டிக் கட்டிய தெற்குக் குவிமாடம் இந்த வித்தையின் உச்சம். அடுத்த நூற்றாண்டில் அதன் முற்றத்தைச் சுற்றி நாலு ஐவான் வந்தது. பாரசீகப் பாணி என்று நாம் சொல்லுவது அதைத்தான். 2012இல் யுனெஸ்கோ அதை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஏன் குவிமாடம்? அங்கே பெரிய மரம் அரிது, மண்ணும் செங்கலும் தாராளம். செங்கல்லை வளைத்துத்தான் கூரை போட முடியும். நமக்கோ கருங்கல். கல் பலகை நீளமாகப் போனால் தன் பாரத்திலேயே ஒடியும். அதனால் நெருக்க நெருக்கத் தூண் வேண்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களைப் பாருங்கள். கல்தூண், போதிகை, தட்டைக் கூரை. கோயில் கட்டும் அதே சிற்பி மரபு, உருவங்கள் மட்டும் இல்லை, பூவும் கொடியும்தான். அதாவது பாரசீகத்தான் தன் மண்ணில் எதைச் செய்தானோ, அதையே நம் ஆட்கள் நம் மண்ணில் செய்திருக்கிறார்கள். நான்தான் சத்திரம் என்றேன்.

இன்னொன்று படித்தபோது சுருக்கென்றது. அதே இஸ்பஹானில், அதே மைதானத்தின் கிழக்கே, 1603 முதல் 1619 வரை கட்டிய ஷேக் லுத்ஃபுல்லாஹ் பள்ளிவாசல் இருக்கிறது. உலகமே வியக்கும் கட்டடம். அதில் ஒரு மினாரா கூடக் கிடையாது!

பாரசீகம் நம்மிடம் வராமலும் இல்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில், கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை இயற்றியவர் மக்கன் லால் என்ற இந்து அறிஞர். நம் ஊரில் 'பாங்கு சொல்லியாச்சு' என்கிறோமே, அந்தப் 'பாங்கு' பாரசீகச் சொல். 'தர்கா'வும் அப்படித்தான். சொல் வந்தது, கட்டடம் மட்டும் நம் கல்லிலேயே இருந்தது.

பழைய தூண்களில் நாலைந்து புதுப் பள்ளிவாசலின் அஸ்திவாரத்துக்குள் போயின. இரண்டு வாய்க்கால் கரையில் துவைக்கிற கல்லாகக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் ஹவுஸ் பக்கத்தில் படுத்திருக்கிறது, போதிகையில் பூ வேலை தேயாமல். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, இந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஊரிலாவது பழைய கல்பள்ளி மிச்சமிருந்தால், ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய் அளந்து, படம் எடுத்து வையுங்கள். துணைக்குக் கூப்பிட்டால் வருவேன். அஸர் தொழுகை முடிந்து அந்தத் தூண்மேல்தான் உட்கார்ந்திருப்பேன்.