பத்து போல்ட்டும் ஒரு சட்டமும்

அமெரிக்கர்கள் டீசல் கார் என்றாலே ஏன் முகம் சுளிக்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். கடைசியில் வந்து நின்ற இடம் ஒரு ஹெட் கேஸ்கெட்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கார் கம்பெனிகளுக்கு மைலேஜ் அளவு நிர்ணயித்தது. பெரிய கார்களைக் கைவிட மனசில்லாத ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் பக்கம் திரும்பியது. 1978 மாடலில் ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் வி8 டீசல் வந்தது.

'பெட்ரோல் இன்ஜினை அப்படியே டீசலாக்கிட்டாங்க' என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். பிளாக்கை நன்றாகவே பலப்படுத்தியிருந்தார்கள். ஆனால் பழைய மெஷின்களிலேயே தயாரிக்க வசதியாக, ஹெட் போல்ட் அமைப்பை மட்டும் மாற்றவில்லை. ஒரு ஹெட்டுக்குப் பத்தே போல்ட். பெட்ரோல் இன்ஜினில் அமுக்க விகிதம் சுமார் 8-க்கு 1. இதில் 22.5-க்கு 1!

விளைவு என்ன? அழுத்தம் தாங்காமல் போல்ட் இழுபடும், ஹெட் லேசாகத் தூக்கும், கேஸ்கெட் போகும். ரேடியேட்டர் தண்ணி சிலிண்டருக்குள் இறங்கும். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் ரொம்பக் குறைவு. தண்ணியை அமுக்க முடியாது. அப்போ பிஸ்டனோ கனெக்டிங் ராடோ போயிடும்.

இதில் கொடுமை, ரிப்பேர் பண்ணினாலும் தீராததுதான். பெட்ரோல் பழக்கத்தில் மெக்கானிக்குகள் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி, இழுபட்ட பழைய போல்ட்டையே திரும்ப முடுக்கினார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே கோளாறு. போதாததற்கு, டீசலில் கலந்த தண்ணியைப் பிரிக்கும் ஃபில்டரையும் கம்பெனி வைக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் துருப்பிடித்தது.

கார்க்காரர் என்னதான் செய்வார்? வாரன்டி 'சரிசெய்து தருகிறோம்' என்றது. எத்தனை தடவை என்று சொல்லவில்லை. இப்படித் தவித்தவர்கள் இந்த ஒரு இன்ஜின்காரர்கள் மட்டுமில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கோபத்துக்கு இது பெரிய தீனி. 1982-ல் கனெக்டிகட் மாநில உறுப்பினர் ஜான் உட்காக் கொண்டுவந்த 'லெமன்' சட்டம் அந்த எண்ணிக்கையை எழுதி வைத்தது. ஒரே கோளாறுக்கு நாலு தடவை, அல்லது மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் என்றால், கம்பெனி வேறு கார் தரணும், இல்லை பணத்தைத் திருப்பித் தரணும். பிறகு எல்லா மாநிலங்களும் இதேபோல் சட்டம் போட்டன.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அதுவரை தன் கார் ஓட்டை என்று நிரூபிக்கும் பாரம் முழுக்க வாங்கியவர் தலையில் இருந்தது. இப்போ ரிப்பேர் ரசீதுகளே சாட்சியாகிவிட்டன.

இன்ஜினையும் பின்னாளில் மேம்படுத்தினார்கள். பெயர் கெட்டது கெட்டதுதான். 1985-ல் தயாரிப்பு நின்றது. பழைய ரசீதைத் தூக்கிப் போடாதீங்க என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்குங்க.