ஹாலி விரிகுடாவின் அக்டோபர் கணக்கு

ஓசோன் துளையை உலகுக்குக் காட்டிக்கொடுத்த பெருமை, அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடாவில் கையால் இயக்கப்பட்ட ஒரு பழங்காலக் கருவிக்கு உரியது.

1956-ல் பிரிட்டன் அங்கே ஆய்வு நிலையம் அமைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் கார்டன் டாப்சன் 1920-களில் வடிவமைத்த கருவி அங்கே போய்ச் சேர்ந்தது. ஓசோன் அதிகம் உறிஞ்சும் அலைநீளம் ஒன்று, குறைவாக உறிஞ்சும் அலைநீளம் ஒன்று என வெயிலில் இரண்டை ஒப்பிட்டு, தலைக்கு மேல் எவ்வளவு ஓசோன் உள்ளது என்று அது கணக்கிடும். 300 டாப்சன் அலகு என்றால், அத்தனை ஓசோனையும் தரைக்கு இறக்கிப் பரப்பினாலும் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். உயிர்களைக் காக்கும் கவசம் அவ்வளவு மெல்லியது!

நிலையத்தில் தங்கியவர்கள் மாறினார்கள்; அளவெடுப்பது நிற்கவில்லை. குவிந்து கிடந்த கையெழுத்துத் தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை ஜோனதன் ஷாங்க்ளின் என்ற இளைஞரிடம் வந்தது. நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அலுவலகத்தைப் பொதுமக்கள் பார்வையிடும் நாளுக்காக அவர் ஒரு வரைபடம் போட்டார். ஸ்ப்ரே டப்பாக்களிலிருந்து வரும் சி.எஃப்.சி. (குளோரோஃபுளோரோகார்பன்) வாயுக்களைக் கண்டு பயப்பட வேண்டாம், ஓசோன் அப்படியேதான் இருக்கிறது என்று காட்டத்தான். தெரிந்ததோ நேர்மாறு. அங்கே வசந்தம் பிறக்கும் அக்டோபர் மாத அளவுகள் சரிந்திருந்தன.

மூத்தவர் ஜோ ஃபார்மன் அவசரப்படவில்லை. கருவி பழுதோ என்று சந்தேகப்பட்டார். மாற்றுக் கருவி போனது. அதிலும் அதே சரிவு. 1985 மே மாதம் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: ஒரு காலத்தில் 300 அலகை ஒட்டியிருந்த அக்டோபர் சராசரி 200-க்கு இறங்கிவிட்டது. நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் இந்த வீழ்ச்சியைப் பதிந்திருந்தது. ஆனால் மிகக் குறைந்த அளவுகள் 'சந்தேகத்துக்குரியவை' என்ற குறியோடு கிடந்தன.

ஏன் துருவத்தில்? அமெரிக்க விஞ்ஞானி சூசன் சாலமன் 1986-ல் மெக்மர்டோ நிலையத்துக்குக் குழுவோடு போய் விடை தேடினார். குளிர்காலத்தில் அடுக்கு வளிமண்டலம் மைனஸ் 78 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிரும்போது உருவாகும் மேகத் துகள்கள் மீது, சி.எஃப்.சி. வாயுக்களிலிருந்து வந்த குளோரின் வீரியம் பெறுகிறது. வசந்த வெயில் பட்டதும் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. வட துருவத்தில் அவ்வளவு கடுங்குளிர் நீடிப்பதில்லை. இருந்தும் 2011-லும் 2020-லும் அங்கேயும் பெரும் இழப்பு நேர்ந்தது.

சி.எஃப்.சி. வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தானது. ஆனாலும் இந்த வாயுக்கள் பல பத்தாண்டுகள் காற்றில் தங்குபவை. 2000-ல் துளை ஏறக்குறைய 3 கோடி சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது. இந்தியாவைப் போல் சுமார் 9 மடங்கு! தடைசெய்யப்பட்ட சி.எஃப்.சி.-11 மறுபடி கசிவது 2018-ல் தெரிந்தபோதும், கண்டுபிடித்துக் கொடுத்தவை இடைவிடாத அளவீடுகள்தான்.

இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் 1980-ன் நிலைக்கு வட துருவம் 2045 வாக்கிலும், அண்டார்டிகா 2066 வாக்கிலும் திரும்பும் என்கிறது 2022-ன் ஐ.நா. மதிப்பீடு.