அறுக்காமல் விட்ட மூலை

பண்டைய இஸ்ரவேலில் நிலம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. ஆகவே கணவனை இழந்த பெண்ணும், தகப்பனற்ற பிள்ளையும், பிழைப்புத் தேடி வந்து குடியேறிய பரதேசியும் விளைச்சலில் பங்கு கேட்க வழியற்றவர்களாக நின்றனர். எபிரேய வேதத்தின் சட்டப் பகுதிகள் இம்மூவரையும் திரும்பத் திரும்ப ஒருசேரக் குறிப்பிடுவதற்கு இதுவே காரணம். அவர்களுக்கு இரக்கம் காட்டச் சொல்வதோடு நின்றுவிடாமல், வயலில் விளைந்ததிலேயே ஒரு பகுதி அவர்களுடையது என்று வகுத்ததுதான் அச்சட்டங்களின் தனிச்சிறப்பு.

வயலின் ஓரத்தை முற்ற அறுக்கக்கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது என்று லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம் விதிக்கிறது. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது, ஒலிவ மரத்தை ஒருமுறை உதிர்த்தபின் கிளையில் எஞ்சியதைத் தேடக்கூடாது என்று உபாகமத்தின் 24ஆம் அதிகாரம் தொடர்கிறது. மோவாபிய விதவையான ரூத் பெத்லகேமில் கதிர் பொறுக்கிய கதை இவ்வழக்கத்தையே பின்னணியாகக் கொண்டது. முதல் நாள் மாலை அவள் தட்டி எடுத்த வாற்கோதுமை ஏறக்குறைய ஓர் எப்பா, அதாவது 20 லிட்டருக்குச் சற்று மேல். ஆயினும் அது, நிலத்துக்காரரான போவாஸின் சொற்படி அறுப்பவர்கள் அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிந்தவிட்டதால் கிடைத்த அளவு. அத்தகைய ஆதரவு வாய்க்காத பெண்களுக்கு ஒரு நாள் உழைப்பில் அவ்வளவு கிடைத்திருக்கும் என்று கொள்வதற்கில்லை.

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்டன என்பதை, கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு காட்டுகிறது. அதன் வேளாண்மைப் பிரிவில் எட்டு அதிகாரங்கள் கொண்ட ஒரு பகுதி, அறுக்காமல் விடும் மூலையாகிய ‘பேஆ’வின் பெயரையே தாங்கியுள்ளது. அம்மூலை விளைச்சலில் 60இல் ஒரு பங்குக்குக் குறையலாகாது. நிலத்தின் பரப்பும் ஏழைகளின் எண்ணிக்கையும் கூடினால் அதுவும் கூடவேண்டும். ஓரிடத்தில் இரண்டு கதிர் விழுந்தால் அவை ஏழைகளுக்கு, மூன்று விழுந்தால் நிலத்துக்காரருக்கு என்பது அதில் இடம்பெறும், ஹில்லேல் என்னும் யூத ஆசானின் வழிவந்த பள்ளியின் கருத்து. ஏழைகள் காலை, நண்பகல், பிற்பகல் என நாளுக்கு மூன்று வேளை வயலுக்குள் வரலாம். ஆனால் அரிவாள் கொண்டு அறுக்கவோ மண்வெட்டியால் பெயர்க்கவோ கூடாது, ஏனெனில் நெரிசலில் ஒருவரையொருவர் வெட்டிவிடக்கூடும். கதிர்மேல் தன் மேலாடையை விரித்து இடம்பிடித்தவரிடமிருந்து அதைப் பறித்துவிடவேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. பசித்த கூட்டம் ஒரு வயலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்கூடாகப் பார்த்தவர்களால் அன்றி இவ்விதிகளை எழுதியிருக்க முடியாது.

இவற்றுள் மிகவும் ஆழமானது நிலத்துக்காரரைப் பற்றிய விதியாகும். ஏழைகளைப் பொறுக்கவிடாமல் தடுப்பவர் மட்டுமல்லாமல், ஒருவரை விட்டு மற்றொருவரைத் தடுப்பவரும், தமக்கு வேண்டிய ஒருவருக்கு மட்டும் கைகொடுப்பவரும் ஏழைகளைக் கொள்ளையடிப்பவர் என்றே மிஷ்னா கூறுகிறது. யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே கொடுப்பவரிடமிருந்து எடுக்கப்பட்டதால், நன்றி சொல்லிக் கைகட்டி நிற்கவேண்டிய கட்டாயமின்றி ஒரு விதவை தன் கையாலேயே தன் உணவைச் சேர்க்க முடிந்தது. பிற்காலத்துத் தர்ம ஏற்பாடுகள் பலவற்றில் காணக்கிடைக்காத கண்ணியம் இது.

வயலுக்கு அப்பாலும் ஏற்பாடுகள் இருந்தன. ஏழாண்டுச் சுழற்சியின் மூன்றாம், ஆறாம் ஆண்டுகளில் விளைச்சலின் பத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்களில் அன்றாட உணவுக்குத் ‘தம்ஹூய்’ என்னும் பொதுத் தட்டும், வாராந்தர உதவிக்குக் ‘கூப்பா’ என்னும் பொது நிதியும் இருந்தன. இரண்டு வேளை உணவு உள்ளவர் தட்டிலிருந்தும், 14 வேளை உணவு உள்ளவர் நிதியிலிருந்தும் பெறலாகாது. நிதியை இருவர் திரட்ட, மூவர் பகிர்ந்தளித்தனர்.

இவ்வேத விதிகளை அறிந்த கிறித்தவ ஐரோப்பாவிலும் கதிர் பொறுக்கும் வழக்கம் ஊர் மரபாக வேரூன்றியது; இங்கிலாந்தின் கிராமங்களில் அது பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் செய்த வேலையாக இருந்தது. ஆனால் நிலம் முழுவதும் ஒருவரின் தனியுடைமை என்னும் கருத்து வலுத்தபோது மோதல் நேர்ந்தது. சஃபோக் மாவட்டத்தின் டிம்வொர்த் கிராமத்தில், ஜேம்ஸ் ஸ்டீல் என்பவரின் வயலில் மேரி ஹௌட்டன் என்னும் பெண் கதிர் பொறுக்கியதை ஒட்டி எழுந்த வழக்கில், பொதுச் சட்டத்தின்படி எவருக்கும் அத்தகைய உரிமை இல்லை என்று 1788இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடைமை என்பது உடையவர் மட்டுமே துய்ப்பது என்பதும், மோசேயின் பெயரால் வழங்கும் அவ்வேதச் சட்டம் இங்கிலாந்தைக் கட்டுப்படுத்தாது என்பதும் பெரும்பான்மை நீதிபதிகள் முன்வைத்த வாதங்கள். நீதிபதி கூல்டு ஒருவர்தாம் மாறுபட்டு, லேவியராகமத்தைச் சான்று காட்டி ஏழைகளின் உரிமையை ஏற்றார். தீர்ப்புக்குப் பின்னும் பல கிராமங்களில் வழக்கம் அறுபடவில்லை; பொறுக்கும் நேரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் தேவாலய மணியடித்து அறிவிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.