ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

ஹடப்சரில் இருக்கும் எங்களுக்கு ஃபெர்குஸன் கல்லூரி ஊரின் மறுகோடி. 1907-ல் இந்திய கணிதச் சங்கம் தோன்றியபோது அதன் புத்தகசாலை அங்கேதான் இருந்தது. சங்கத்தை ஆரம்பித்தவர் டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயர். 1910-ல் அவர் திருக்கோவிலூரில் இருந்தபோது, கும்பகோணத்து இளைஞர் ஒருவர் நோட்டுப் புத்தகங்களுடன் வந்து தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டுகளைப் பார்த்த ஐயர் வேலை தரவில்லை. சென்னைக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல ஆர்டர் எந்த ஆபீஸிலும் போடப்பட்டிருக்காது.

அந்த ராமானுஜன் 1915-ல் லண்டனில் வெளியிட்ட நீண்ட கட்டுரைதான் நம் விஷயம். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சுபவற்றை ராமானுஜன் தனி ஜாதியாகப் பிரித்தார். 24, 36, 48, 60 எல்லாம் இதில் சேரும். (அணாவும் டஜனும் புழங்கிய நம் தலைமுறைக்கு இவற்றின் சௌகரியம் தெரியும்.) இத்தகைய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2, 3, 5, 7 என்று இடைவெளியின்றி வரும், அடுக்குகள் ஒருபோதும் ஏறாது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1. விலக்கு 4-ம் 36-ம் மட்டுமே. இதை அவர் நிரூபித்தார்.

பிறகு 6,74,632 கோடி வரை போய், நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைப் பட்டியலிட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம். அதில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிற்று: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

விதியை வைத்துப் பார்ப்போம். 2-ன் அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 5040. பட்டியலில் இதற்கு முந்திய 240940299600-க்கு 4800. பிந்திய 321253732800-க்கு 5376. நடுவில் இது இருந்தே ஆகவேண்டும்.

ராமானுஜனுக்கு எல்லாம் நாமகிரித் தாயார் கனவில் சொன்னது என்று நம்மவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பட்டியல் கனவில் வந்ததல்ல. ஒவ்வொரு எண்ணையும் பக்கத்து எண்ணோடு ஒப்பிட்டு, கைக்கணக்காகப் போட்டது. விட்டுப்போன வரியே அதற்குச் சாட்சி.

இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. யுத்தகாலப் பணமுடையால் அச்சேறாமல் நின்ற மீதிப் பகுதி 1997-ல்தான் வெளிவந்தது.

இன்னொன்று. 5040-ம் இதே ஜாதிதான். அதற்கு வகுத்திகள் 60. அறுபதுக்கு 12, பன்னிரண்டுக்கு 6. எல்லாம் ராமானுஜன் பட்டியலில் இருப்பவையே.